வணிகர் சங்கங்களே, இணையத்தில் உங்கள் கடைவீதி எங்கே?

(ஒரு நகர வணிகர் சங்கத்தின் பொதுக்குழுவில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

சங்கக் கூட்டம் என்றால் நாம் என்ன பேசுவோம்? நகராட்சிக் கடை வாடகை, குப்பை வரி, நடைபாதை ஆக்கிரமிப்பு, ஜிஎஸ்டி நோட்டீஸ். கடைசியாக ஒருவர் எழுந்து, 'எல்லாம் சரி, இந்த ஆன்லைன் வியாபாரம் நம்மைச் சாகடிக்கிறதே, அதற்கு என்ன செய்யப் போகிறோம்?' என்று கேட்பார். எல்லோரும் தலையை ஆட்டுவோம். அதற்குள் தேநீர் வந்துவிடும். கூட்டம் கலைந்துவிடும்.

இன்று அந்தக் கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். தேநீர் கொஞ்சம் பொறுத்து வரட்டும்.

உங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியையின் வீட்டில் மிக்ஸி பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பென்றால் பக்கத்து வீட்டில் விசாரிப்பார். இப்போது செல்போனை எடுத்து, 'பக்கத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை' என்று தமிழிலேயே பேசுகிறார். உங்கள் கடைவீதியில் முப்பது வருடமாக மிக்ஸி பழுது பார்க்கும் பெரியவர் இருக்கிறார். ஊருக்கே அவரைத் தெரியும். செல்போனுக்குத் தெரியாது! அந்தப் பெண்மணி அமேசானில் புது மிக்ஸிக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார். இந்த வியாபாரத்தைப் பறித்தது அமேசானா, அல்லது நம் முகவரி அவருக்குக் கிடைக்காமல் போனதா? சிந்தித்துப் பாருங்கள்.

இணைய விளம்பரம் என்றதும் நம்மவர்கள் லட்சக்கணக்கில் செலவாகும் என்று பயப்படுகிறார்கள். முதல் வேலைக்கு ஒரு பைசா செலவில்லை. கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையைப் பதிவு செய்வதுதான் அந்த முதல் வேலை. கடையின் பெயர், தெரு, தொலைபேசி எண், திறக்கும் நேரம், என்ன வியாபாரம், நான்கு புகைப்படங்கள். இவ்வளவுதான். இதற்கு கூகுள் பணம் வாங்குவதில்லை. 'நாங்கள் கூகுளில் இருந்து பேசுகிறோம், ஐயாயிரம் கட்டினால் உங்கள் கடையை முதலிடத்தில் வைப்போம்' என்று யாராவது போன் செய்தால், அவர் கூகுள்காரர் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். தேடலில் எந்தக் கடை முன்னால் வரும் என்பதற்கு அந்த நிறுவனமே மூன்று காரணங்களைச் சொல்லியிருக்கிறது. தேடிய பொருளுக்கும் உங்கள் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து தூரம், உங்கள் கடைக்கு வெளியே உள்ள பெயர். தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன. 'ஜெனரல் ஸ்டோர்ஸ்' என்று மொட்டையாகப் போட்டால் யாருக்கு என்ன புரியும்? பாத்திரக் கடை என்றால் பாத்திரக் கடை என்று எழுதுங்கள்.

நேரத்தைச் சரியாகப் போடுங்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையை அடைக்கிறோம். வரைபடமோ கடை திறந்திருப்பதாகச் சொல்கிறது. வெயிலில் பதினைந்து கிலோமீட்டர் பைக்கில் வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். போகும் வழியிலேயே ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார். ரமலானில் இரவு வெகுநேரம் திறந்திருக்கும் துணிக்கடையின் பக்கத்தில் 'இரவு 9 மணிக்கு மூடப்படும்' என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை இடைவேளையைத் தனியாகக் குறிக்க அதில் வசதி உண்டு. பண்டிகை நாட்களுக்கும் உண்டு.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உங்கள் கடையை நீங்கள் பதிவு செய்யாவிட்டாலும், அது ஏற்கெனவே அந்த வரைபடத்தில் இருக்கலாம். வழிப்போக்கர் யாராவது சேர்த்திருப்பார். அப்படி உரிமையாளர் இல்லாமல் கிடக்கும் கடையைப் பற்றி யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். போன் எண்ணை மாற்றச் சொல்லலாம். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்றுகூடச் சொல்லலாம். உரிமையாளர் என்று உறுதி செய்துகொண்டவருக்கு இந்த மாற்றங்கள் பற்றித் தகவல் வரும், தடுக்கலாம். மற்றவருக்குக் கடை திறந்திருக்கும்போதே ஊர் முழுக்க மூடிய கடையாகிவிடும். 'ஏன்ப்பா இந்த மாதம் புது வாடிக்கையாளர் யாரும் வரவில்லை' என்று கல்லாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பார்.

இதில் சங்கத்தின் வேலை என்ன என்று கேட்கிறீர்கள். தனித்தனியாகச் செய்யச் சொன்னால் பத்துப் பேர் செய்வார்கள். தொண்ணூறு பேர் 'பையன் லீவுக்கு வரட்டும்' என்பார்கள். சங்கம் இரண்டு இளைஞர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, கீழக் கடைவீதியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறச் சொல்லட்டும். ஆனால் பதிவு அந்தந்தக் கடைக்காரரின் சொந்த எண்ணிலும், சொந்த மின்னஞ்சலிலும்தான் இருக்க வேண்டும். ஓர் இளைஞர் தன் மின்னஞ்சலில் அறுபது கடைகளைப் பதிவு செய்துவிட்டுத் துபாய்க்கு விமானம் ஏறினால், அறுபது கடைகளின் சாவியும் துபாயில் இருக்கும்.

அடுத்தது வாட்ஸ்அப். இதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, காலை வணக்கம் அனுப்புவதில் நம் சங்க உறுப்பினர்களை யாரும் மிஞ்ச முடியாது! கடைக்காரர்களுக்கென்றே தனியாக வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018 ஜனவரியில் வந்தது. அதில் சரக்குகளைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். கடை மூடியிருக்கும்போது வரும் கேள்விக்குத் தானாகவே பதில் போகும்படி செய்யலாம். அதையும் இலவசமாகவே தருகிறார்கள். நம்மில் பலர் வீட்டு எண்ணிலேயே கடை வியாபாரத்தையும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரு குழுவில் சேர்த்துவிடுவது நம்மவர்களின் பழக்கம். அதில் நடக்கும் தவறைக் கவனியுங்கள். குழுவில் உள்ள ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். துணிக்கடைக் குழுவில் முந்நூறு பெண்கள் இருக்கிறார்கள் என்றால், அந்த முந்நூறு எண்களும் குழுவில் நுழைந்த எவன் கையிலும் இருக்கின்றன. ஒரு குடும்பத்துப் பெண் உங்களை நம்பி எண்ணைக் கொடுத்தார். அது அமானிதம். அதைத் தெருவில் போடுவதற்கு நமக்கு என்ன உரிமை? ஒளிபரப்புப் பட்டியல் என்ற வசதியில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். 2023இல் வந்த 'சேனல்' வசதியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் பின்தொடரலாம். பின்தொடர்பவர் எண் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரிவதில்லை. சங்கத்தின் பொது அறிவிப்புகளுக்குச் சேனல்தான் ஏற்றது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமே வந்துவிட்டது; 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாகிவிட்டன. 'எனக்குத் தெரியாது' என்று இனி சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இந்த இடத்தில் சகோதரிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் வாட்ஸ்அப்பை வைத்து உண்மையாகவே வியாபாரம் செய்பவர்கள் யார்? கடைவீதியில் இருப்பவர்களைவிட, வீட்டில் இருக்கும் பெண்கள்தான். மசாலாப் பொடி அரைத்து விற்கிறார்கள், பர்தா தைக்கிறார்கள், சூரத்தில் இருந்து சேலை வரவழைத்துத் தவணைக்குக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு நம் சங்கத்தில் இடம் உண்டா? விதிப்படி கடை முகவரி வேண்டும், உரிமம் வேண்டும். கடை முகவரி இல்லாத வியாபாரிக்கு இடமில்லை என்று சொல்லும் சங்கம், இணைய வியாபாரம் பற்றிப் பேச எப்படித் தகுதி பெறும்? உணவுப் பொருள் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பதுகூடப் பல சகோதரிகளுக்குத் தெரியாது. அவர்களை உறுப்பினராக்கி, பதிவுக்கு வழிகாட்டுங்கள். அவர்கள் நமக்குப் போட்டி என்று நினைக்கும் பெரியவர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முகம் சுளிப்பதும் தெரிகிறது. பரவாயில்லை.

விளம்பரத்தைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

2018 நவம்பர் 17 நினைவிருக்கிறதா? ராஜஸ்தானின் ஜோத்பூரில் இருந்து வந்த ரயிலில் இறைச்சிப் பெட்டிகள் சென்னை எழும்பூரில் பிடிபட்டன. ஆயிரம் கிலோவுக்கு மேல். வால் நீளமாக இருந்ததைப் பார்த்து, அது நாய்க்கறி என்று செய்தி கிளம்பியது. ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப், முகநூல், தொலைக்காட்சி எல்லாவற்றிலும் அதே பேச்சு. பிரியாணிக் கடைகளைக் கேலி செய்து படங்கள், பாட்டுகள். அந்தப் பக்கத்து ஆடுகளுக்கு வால் நீளம் என்று வியாபாரிகள் சொன்னார்கள். யார் காதில் விழுந்தது? சில நாட்கள் கழித்து, சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தின் முடிவு வந்தது. ஆட்டிறைச்சிதான்! ஆனால் அதற்குள் சென்னையின் பிரியாணிக் கடைகளும் கறிக்கடைகளும் ஈயோட்டிக்கொண்டிருந்தன. நாய்க்கறி என்ற வதந்தி ஆயிரம் பேருக்குப் போனது என்றால், ஆட்டுக்கறி என்ற உண்மை பத்துப் பேருக்குப் போயிருக்குமா? இன்றைக்கும் அந்தப் பழைய வதந்தியை நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஏன் இப்படி ஆனது? வதந்தி பரப்பியவர்களிடம் லட்சக்கணக்கான செல்போன்களுக்குப் பாதை இருந்தது. இறைச்சி வியாபாரிகளிடம் இல்லை. ஆய்வக முடிவு வந்த அந்த மணி நேரத்திலேயே, ஒவ்வொரு கடையின் வாடிக்கையாளருக்கும் அதன் படத்தை அனுப்பும் வழி அவர்களிடம் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். நெருப்புப் பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது. நல்ல காலத்தில், நல்ல செய்திகளுக்காக ஒரு சேனலை வளர்த்து வைத்திருந்தால்தான், கெட்ட காலத்தில் ஒரு மறுப்பை அதில் போட முடியும். 2020 ஏப்ரலில், கொரோனாவைப் பரப்புகிறார்கள் என்று ஒரு சமுதாயத்தின் காய்கறி வண்டிக்காரர்களைக்கூட விரட்டச் சொல்லி வட மாநிலங்களில் காணொளிகள் சுற்றின. இது இன்னும் முடிந்துபோன கதை அல்ல. பொய்ச் செய்தி வந்தால் ஆத்திரப்பட்டு அதையே இன்னும் நூறு பேருக்கு அனுப்பி 'பாருங்கள் அநியாயத்தை' என்று எழுதுகிறோமே, அதை முதலில் நிறுத்த வேண்டும். அந்தப் பொய்க்கு நாமே தபால்காரர் ஆகிவிடுகிறோம். ஆதாரத்தைச் சேமியுங்கள், தேதியோடு. காவல்துறை சைபர் பிரிவில் சங்கத்தின் பெயரில் புகார் கொடுங்கள். பிறகு உண்மையை மட்டும், சுருக்கமாக, ஆவணத்தோடு உங்கள் சேனலில் போடுங்கள். இந்த மறுப்பை அண்டைக் கடை முதலியாரும் நாடாரும் தங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பினால் அதன் மதிப்பே வேறு. வணிகர் சங்கம் என்பது எல்லாச் சமூகத்தவரும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம். அந்தப் பெஞ்சை உடைய விடாதீர்கள்.

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பக்கம் தொடங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது வாடகை இடம் என்பதை மறக்காதீர்கள். 2020 ஜூன் 29ஆம் தேதி இரவு டிக்டாக் தடை செய்யப்பட்டது. லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்களை வைத்திருந்தவர்கள் விடிந்தபோது வெறுங்கையோடு நின்றார்கள். 2021 அக்டோபர் 4ஆம் தேதி முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் போல் படுத்துவிட்டன. சிறு கடைகளுக்கென்று கூகுள் இலவசமாகக் கொடுத்து வந்த ஒரு பக்க இணையதளங்களை 2024 மார்ச்சில் அதுவே மூடிவிட்டது. ஆகவே சங்கத்துக்குச் சொந்தப் பெயரில் ஓர் இணைய முகவரி இருக்கட்டும். அதில் கடைவீதியின் முழுப் பட்டியல் இருக்கட்டும். அதற்கு ஆண்டுக்கு ஆகும் செலவு, நம் ஆண்டு விழாவில் சால்வைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதும் சங்கமாகச் செய்தால் லாபம். முகநூலில் உங்கள் ஊரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வரையறுத்து விளம்பரம் போடலாம். ஒரு கடை ஐந்நூறு ரூபாய் போட்டால் கடலில் கரைத்த பெருங்காயம். நூறு கடைகள் ஐந்நூறு ஐந்நூறாகப் போட்டு, 'பெருநாள் சந்தை', 'பொங்கல் சந்தை' என்று கடைவீதி முழுமைக்கும் விளம்பரம் செய்தால், சுற்றுவட்டக் கிராமங்கள் எல்லாம் பார்க்கும். அரிசிக்கடைக்கு வந்தவர் செருப்பும் வாங்கிக்கொண்டுதானே போவார்?

சங்கம் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண் முன்னே சான்றுகள் இருக்கின்றன. ஸ்விக்கி, சொமேட்டோ நிறுவனங்களின் கமிஷன் தாங்க முடியவில்லை என்று நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் 2025இல் ஒன்றாக முடிவெடுத்து வெளியேறினார்கள். வெளியேறியதோடு நிற்கவில்லை, சிதம்பரத்தில் தொடங்கப்பட்ட, கமிஷனுக்குப் பதிலாகச் சந்தா வாங்கும் சாரோஸ் என்ற செயலிக்கு மாறினார்கள். தனி ஓட்டல் ஒன்று இதைச் செய்திருந்தால் அடுத்த ஓட்டல் அந்த ஆர்டரை எடுத்துக்கொண்டிருக்கும். டெல்லியில் 'வியாபார் மகாசங்' என்ற வணிகர் அமைப்பு கொடுத்த புகாரின் பேரில்தான், அமேசான், ஃபிளிப்கார்ட் மீது விசாரணை நடத்தும்படி இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கேட்டு வாங்கியது அங்குள்ள உற்பத்தியாளர்கள், விற்பனையாளர்கள் சங்கம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் 'கோவில்பட்டி' என்று எழுதி விற்க முயலலாம். ஆனால் தட்டிக் கேட்கும் சட்ட உரிமை இப்போது அவர்களிடம் இருக்கிறது. பத்தமடைப் பாய்க்கும் புவிசார் குறியீடு உண்டு. தாமிரபரணிக் கரைக் கோரையை நார் நாராகக் கிழித்து அந்தப் பாயை நெய்பவர்கள் பெரும்பாலும் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். நாள் கணக்கில் உட்கார்ந்து நெய்யும் பட்டுப் பாய்க்கும், விசைத்தறியில் நிமிடத்தில் வரும் பாய்க்கும் செல்போன் படத்தில் வித்தியாசம் தெரியுமா? தெரியாது. அதைத் தெரிய வைப்பதற்குத்தான் விளம்பரம் வேண்டும். கோரையைக் கிழிப்பதில் இருந்து நெய்து முடிப்பது வரை இரண்டு நிமிடக் காணொளி எடுத்துப் போடுங்கள். விலை ஏன் அவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் ஊரில் எது பெயர் பெற்றது? ஆம்பூரா, திண்டுக்கல்லா, காயல்பட்டினமா? எந்த ஊருக்கும் ஒன்று இருக்கிறது.

அரசு முயற்சியில் 2021 இறுதியில் தொடங்கப்பட்ட ஓஎன்டிசி வலையமைப்பு பற்றியும் கேட்கிறார்கள். முன்னோட்டம் நடந்த ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. பயன்படுத்திப் பாருங்கள், ஆனால் அதை நம்பிக் கடையைக் காலி செய்யாதீர்கள். ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழே உள்ள சிறு வியாபாரியும் தன் மாநிலத்துக்குள் இணையத் தளங்கள் வழியாகப் பொருள் விற்கலாம் என்று 2023 அக்டோபர் முதல் வழி திறந்திருக்கிறது. இதை உங்கள் கணக்காளரிடம் கேட்டு விவரம் தெரிந்துகொள்ளுங்கள்.

நட்சத்திர மதிப்பீடுகளைக் காசுக்கு விற்கும் தரகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். நூறு விமர்சனம் இவ்வளவு ரூபாய் என்று பேரம் பேசுகிறார்கள். வாங்காதீர்கள். வராத வாடிக்கையாளர் வந்ததாகவும், தின்னாதவர் ருசித்ததாகவும் எழுத வைப்பது பொய்ச் சாட்சி. சரக்கின் குறையைச் சொல்லி விற்கப் பழக்கப்பட்ட சமுதாயம் நாம். இணைய விமர்சனங்களுக்கு இந்தியத் தரநிர்ணய அமைப்பு 2022இலேயே வரைமுறை வகுத்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு புகழ்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசும் நெறிமுறை வெளியிட்டது. மோசமான விமர்சனம் வந்தால் சண்டைக்குப் போகாமல், 'நேரில் வாருங்கள், மாற்றித் தருகிறோம்' என்று பதில் எழுதுங்கள். அதைப் படிக்கப் போகிறவர் அந்த ஒருவர் மட்டுமல்ல.

மோசடிக்காரர்களைப் பற்றி ஒரு வரி. ராணுவ முகாமில் இருந்து பேசுவதாகச் சொல்லி மொத்த ஆர்டர் கொடுப்பான், பணம் அனுப்ப கியூஆர் படத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வான். பணம் பெறுவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ரகசிய எண்ணும் போட வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். இந்த எண்ணை ஒவ்வொரு கல்லாவிலும் ஒட்டுங்கள்.

நான் பேசி முடித்ததும் பின் வரிசையில் இருந்து ஒரு சகோதரர் கேட்டார்: 'நம் சங்கத்துக்கு ஏற்கெனவே முகநூல் பக்கம் இருக்கிறது. போன நிர்வாகம் தொடங்கியது. கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. என்ன செய்வது?'

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சிரிக்க வேண்டிய விஷயம் அல்ல அது. தேர்தலில் தோற்ற அணி கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்க மறுத்தால் நாம் சும்மா இருப்போமா? சங்கத்தின் பக்கம், சேனல், இணைய முகவரி, உறுப்பினர் பட்டியல் ஆகிய அனைத்தும் சங்கச் சொத்து. சங்கத்தின் பெயரில் தனி மின்னஞ்சலும், சங்கப் பணத்தில் வாங்கிய ஒரு சிம் கார்டும் வையுங்கள். நிர்வாகி பொறுப்பில் எப்போதும் மூன்று பேர் இருக்கட்டும். பதவி மாறும் நாளில் ரொக்கம், ரசீதுப் புத்தகம், முத்திரை ஆகியவற்றோடு கடவுச்சொல்லும் கை மாற வேண்டும். அது மினிட் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். பழைய பக்கத்தைப் பொறுத்தவரை, அதைத் தொடங்கிய தம்பி இதே ஊரில்தான் இருக்கிறாராம். செயலாளர் நாளைக் காலை அவர் கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு, கையோடு வாங்கி வரட்டும்.